விரல் வீங்கும் குளிர்காலம்

என்னிடம் இளங்கலை இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் வங்கித் தேர்வு எழுதி வேலை பெற்றார். மதுரைப் பக்கத்துக்காரர். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடந்து பழகிய அவருக்குக் கிடைத்த ஊர் ஸ்ரீநகர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த நகரில், சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 2, 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது வழக்கம். பகலில் 6 அல்லது 7 டிகிரி. திசம்பர் 21 முதல் சனவரி 30 வரையிலான நாற்பது நாட்களைக் காஷ்மீர மக்கள் 'சில்லாய் கலான்' என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய ஆண்டிலேயே மிகக் கடுமையான குளிர் அப்போதுதான்.

அந்த நாற்பது நாட்களில் ஓர் இரவு மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், காலில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது போலிருக்கிறது. நாலு விரல் வீங்கியிருக்கிறது. பகலில் அவ்வளவாகத் தெரியவில்லை. ராத்திரி கம்பளியைப் போர்த்திப் படுத்தால் அரிப்புத் தாங்கவில்லை" என்றார்.

முதலில் அதைச் சேற்றுப்புண் என்று நினைத்து, அதற்கான களிம்பை வாங்கி ஒரு வாரம் தடவிப் பார்த்திருக்கிறார். குணமில்லை. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் ஈரமான காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கார அம்மாள் கொடுத்த 'காங்ரி'யின் மேல் விரல்களைக் காட்டிக்கொண்டு உட்காருவாராம். காங்ரி என்பது பிரம்பால் பின்னிய கூட்டுக்குள் வைத்த சிறிய மண்சட்டி. அதில் கரித்தணல் இருக்கும். நம் பக்கத்துக் கணப்புச் சட்டியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரத்தில் அதை நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள்.

"காங்ரியில் காட்டும்போது சுகமாகத்தான் இருக்கிறது சார். அரை மணி கழித்துத்தான் எரிச்சல் ஆரம்பிக்கிறது" என்றார்.

அந்த அரை மணி நேரத்தில் அவருடைய விரலுக்குள் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் மருத்துவன் அல்லன். எனவே அவர் அனுப்பிய படத்தை எனக்குத் தெரிந்த தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். வட இந்தியாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய அவர், பார்த்த மாத்திரத்தில் "சில்பிளெயின்" என்றார். மேலும், "நெருப்பில் காட்டுகிறாரா என்று கேளுங்கள், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார்.

சில்பிளெயினுக்குத் தமிழில் ஊர்வழக்கான பெயர் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. சேற்றுப்புண்ணுக்கும் பித்தவெடிப்புக்கும் பெயர் வைத்த நம் மக்களுக்கு, இந்த நோயைச் சந்திக்கும் வாய்ப்பே அதிகம் இருந்ததில்லை. 'குளிர்வீக்கம்' என்று இங்கே சொல்லிக்கொள்வோம்.

ஏன் விரல்கள் மட்டும்?

உடல் முழுவதும்தான் குளிரில் நனைகிறது. ஆனால் குளிர்வீக்கம் கால்விரல்களிலும் கைவிரல்களிலும், சில சமயம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் மட்டுமே வருகிறது. காரணத்தை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

விரலை 1.5 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளையாகவும், நடு உடலை 30 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளையாகவும் கொள்ளுங்கள். உருளையின் வளைபரப்பை அதன் கன அளவால் வகுத்தால், நீளம் அடிபட்டுப்போய் '4-ஐ விட்டத்தால் வகுத்த ஈவு' மட்டும் எஞ்சும். நடு உடலுக்கு இது 0.13, விரலுக்கு 2.7. அதாவது, ஒவ்வொரு கன சென்டிமீட்டர் சதைக்கும், வெப்பத்தை இழக்கும் பரப்பு விரலில் 20 மடங்கு அதிகம். சுடுசோற்றைத் தட்டில் பரப்பினால் விரைவில் ஆறுவதும் இதே கணக்குத்தான்.

இழப்பு இப்படி. வரவோ மிகக் குறைவு. உடலில் வெப்பத்தை உண்டாக்குவதில் தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. உங்கள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே முன்கையைப் பாருங்கள். அசைவு முன்கையில் தெரியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்கையில் இருந்துகொண்டு நாண்களால் விரலை இழுக்கின்றன. விரலுக்குள் இருப்பது எலும்பு, நாண், கொழுப்பு, தோல், நரம்பு, இரத்தக் குழாய் இவ்வளவே. ஆகவே விரல் தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாது. உடலின் நடுப்பகுதியில் 37 டிகிரியில் இருக்கும் இரத்தம் வந்து சூடு கொடுத்தால்தான் உண்டு.

அந்த இரத்தத்தை அனுப்புவதா, நிறுத்துவதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் விரலிடம் இல்லை. மூளை, இதயம், ஈரல் ஆகியவற்றின் சூடு குறையக்கூடாது என்பதே உடலின் முதற்கவலை. எனவே குளிர் பட்டவுடன் நரம்புகளின் கட்டளையால் விரல்களிலுள்ள நுண்தமனிகள் சுருங்குகின்றன. குழாய் எவ்வளவு சுருங்கினால் எவ்வளவு இரத்தம் குறையும்? இங்கேதான் மேல்நிலை வகுப்பில் நீங்கள் படிக்கும் ஒரு விதி கைகொடுக்கிறது.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த பாய்சொய் என்பவர் 1840-களில், நுண்குழாய்களின் வழியே திரவம் பாயும் அளவு குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டறிந்தார். தேர்வில் இந்த விதிக்கு உரிய மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறோம். பாய்சொய் இயற்பியல் பேராசிரியர் அல்லர், மருத்துவம் படித்தவர். இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை அறியத்தான் அவர் கண்ணாடிக் குழாய்களோடு மல்லுக்கட்டினார். அவருடைய விதிப்படி ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. 16-இல் ஒரு பங்காகிவிடும். மூன்றில் ஒரு பங்கானால் ஓட்டம் 81-இல் ஒரு பங்கு. இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் அன்று என்பதால் உடலுக்குள் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும், சிறு சுருக்கம் ஏன் விரலை இவ்வளவு விரைவில் வெளுக்கச் செய்கிறது என்பதை அது நன்றாக விளக்குகிறது.

விரல்களை உடல் முற்றிலும் கைவிட்டுவிடுவதுமில்லை. பிரித்தானிய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் விரலைப் பனிக்கட்டி நீரில் வைத்து, அதன் தோலின் வெப்பநிலையை அளந்துகொண்டே இருந்தார். வெப்பநிலை விரைவாக இறங்கியது. சில நிமிடங்கள் கழித்து, நீர் அதே குளிரில் இருந்தபோதிலும், விரல் தானே சூடேறத் தொடங்கியது! பிறகு மீண்டும் குளிர்ந்தது, மீண்டும் சூடேறியது. குழாய்கள் அவ்வப்போது சற்றே திறந்து, விரல் சாகாமல் இருக்க ஒரு வாய் சூடு ஊட்டிவிட்டு மூடிக்கொள்கின்றன. எல்லாருக்கும் இந்த ஏற்பாடு ஒரே அளவில் வேலை செய்வதில்லை.

நெருப்பு செய்யும் காரியம்

இப்போது நம் மாணவர் வீட்டுக்குள் நுழைகிறார். விரல்கள் 10, 12 டிகிரிக்கு ஆறிப்போய்க் கிடக்கின்றன. குழாய்கள் எல்லாம் சுருங்கியிருக்கின்றன. விரல்களைத் தணலுக்கு ஒரு சாண் மேலே பிடிக்கிறார். வெப்பக் கதிர்வீச்சு தோலின் மேற்பரப்பைத் திடீரெனத் தாக்குகிறது. தோலை ஒட்டிய மிக நுண்ணிய குழாய்கள் சட்டென்று விரிகின்றன. ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆனால் அந்த இரத்தத்தை வாங்கித் திருப்பி எடுத்துச் செல்லவேண்டிய அடுத்த கட்டக் குழாய்கள் இன்னும் குளிரிலிருந்து மீளவில்லை. அவை மெதுவாகத்தான் விரிகின்றன.

மழைக்காலத்தில் ஏரி மதகைத் திடீரென முழுவதும் திறந்துவிட்டு, கீழேயுள்ள வடிகாலைத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகும்? வயலில் நீர் தேங்கும், வரப்பு கசியும். விரலிலும் அதுதான். தந்துகிகளுக்குள் அழுத்தம் கூடுகிறது. அவற்றின் மெல்லிய சுவர்களின் வழியே நீரும் புரதமும் சுற்றுப்புறத் திசுவில் கசிகின்றன. அந்த இடத்திற்கு வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்து அழற்சியை உண்டாக்குகின்றன. நரம்பு முனைகள் உறுத்தப்பட்டு அரிப்பும் எரிச்சலும் தொடங்குகின்றன. குளிர்வீக்கம் பிடிப்பவர், பிடிக்காதவர் என்ற வேறுபாடு ஏன் என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் குளிர்ந்த விரலை விரைந்து சூடாக்குவது தீமை என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ஆக, குளிர் பாதி வேலையைச் செய்கிறது. அதற்கு மருந்து என்று நாம் நினைக்கும் நெருப்பு மீதிப் பாதியைச் செய்துவிடுகிறது. இரவில் கம்பளிக்குள் கால் சூடேறும்போது அரிப்பு மிகுவதும் இதனால்தான்.

நெருப்பில் இன்னோர் அபாயமும் உண்டு. இதற்கு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி போட்ட நீர், மற்றொன்றில் சாதாரணக் குழாய் நீர். வலக்கையைப் பனிக்கட்டி நீரில் ஒரு நிமிடம் மட்டும் வைத்திருங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிறகு இரு கைகளையும் குழாய் நீரில் விடுங்கள். ஒரே நீர் வலக்கைக்குச் சுடும், இடக்கைக்குச் சுடாது. குளிர்ந்த தோலின் சொல்லை நம்பக்கூடாது என்பது தெரிகிறதல்லவா? இன்னும் குளிர்ந்தால் நிலைமை நேர்மாறு. விரல் மரத்துப்போய், உண்மையிலேயே சுட்டாலும் தெரியாது. தோல் 44 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் தொடர்ந்து இருந்தாலே தீப்புண் ஏற்படும். 60 டிகிரியில் சில நொடிகள் போதும். நம் மாணவரின் சுண்டுவிரலில் ஒரு பெரிய கொப்புளம் கிளம்பியிருந்தது. அதைக் குளிர்வீக்கத்தின் கொப்புளம் என்றே அவர் நினைத்தார். படத்தைப் பார்த்த மருத்துவரோ, அது தணல் சுட்ட கொப்புளம் என்றார்! மரத்துப்போன விரல் சுடப்பட்டது அவருக்குத் தெரியவே இல்லை.

(காங்ரியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வீடு முழுவதையும் சூடாக்கும் வசதியில்லாத ஊரில், ஒரு பிடிக் கரியில் ஒரு மனிதனைக் கதகதப்பாக வைக்கும் அருமையான கருவி அது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்பவர்களின் வயிற்றிலும் தொடையிலும் தோல் கெட்டு, சிலருக்குப் புற்றுநோயும் வருவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.)

கடுங்குளிரைவிட ஈரக்குளிரே பகை

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பூச்சியத்துக்குக் கீழே 20, 30 டிகிரி என்று வெப்பநிலை இறங்கும் வறண்ட நாடுகளைவிட, பூச்சியத்துக்கு மேலே ஐந்து பத்து டிகிரியில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் இங்கிலாந்து போன்ற இடங்களில்தான் குளிர்வீக்கம் பெயர்பெற்ற நோய். சார்லட் பிராண்டி 1847-இல் வெளியிட்ட 'ஜேன் அயர்' நாவலில், உறைவிடப் பள்ளிச் சிறுமிகள் குளிர்வீக்கத்தால் கால் புண்ணாகித் துன்பப்படும் காட்சி உண்டு. வீடுகளில் அறைக்கு ஒரு கணப்பு மட்டும் இருந்த காலம் வரை, அந்நாட்டில் இது ஏழை, பணக்காரர் என்று பாராமல் வந்தது. வீடு முழுவதையும் சீராகச் சூடாக்கும் முறை பரவிய பின்னர் வெகுவாகக் குறைந்தது.

இதற்கு ஒரு காரணம், மிகக் குளிர்ந்த நாடுகளில் மக்கள் தகுந்த உடையும் வீடும் அமைத்துக்கொள்கிறார்கள் என்பது. மற்றொரு காரணம் ஈரம். அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதில் கடத்தும். கம்பளி நம்மைக் காப்பது கம்பளி இழையால் மட்டுமன்று, இழைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றால். அந்த இடத்தில் நீர் புகுந்தால்? நீர் காற்றைப்போல் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. அத்தோடு நின்றதா? காலுறையில் உள்ள ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது, ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எங்கிருந்தாவது பெற்றாக வேண்டும். பெரும்பாலும் உங்கள் காலிலிருந்துதான். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தந்திரம் இங்கே விரலைக் குளிர்விக்கிறது.

நம் மாணவர் காலையில் பனிச்சேற்றில் நடந்து அலுவலகம் போய், அந்த ஈரக் காலுறையோடே மாலை வரை மேசையடியில் காலை வைத்திருந்திருக்கிறார். குளிர் போதாது என்று, இறுக்கமான காலணிக்குள் இரண்டு சோடிக் காலுறைகள் வேறு! காலுறை நசுங்கினால் உள்ளே காற்று ஏது? இரத்த ஓட்டமும் நெருக்கப்படுகிறது. இரண்டாவது சோடி உதவவில்லை, கெடுத்தது.

எப்படி அறிவது?

குளிர்வீக்கம் குளிரில் நிற்கும்போதே தோன்றுவதில்லை. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள் தலைகாட்டும். அதனால்தான் பலரும் குளிரைச் சந்தேகிக்காமல் பூச்சியையும் புதுக் காலணியையும் சந்தேகிக்கிறார்கள். விரலின் மேற்புறத்திலும் பக்கங்களிலும், நுனியிலும், தடிப்புகள் எழும், தொட்டால் வலிக்கும், அரிக்கும், எரியும். புத்தகங்களில் 'சிவந்த தடிப்பு' என்று எழுதியிருப்பார்கள். அவை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் சிவப்பு தெரியாமலே போகலாம். கருஞ்சிவப்பாகவோ, நாவற்பழ நிறமாகவோ, வெறும் கருமையாகவோ தோன்றும். ஆகவே நிறத்தைவிட வீக்கத்தையும் அரிப்பையும் நம்புங்கள். முற்றினால் கொப்புளம் எழும், உடைந்தால் புண்ணாகும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை சில உண்டு. சேற்றுப்புண் விரல்களின் இடுக்கில், தோல் வெந்ததுபோல வெளுத்து உரியும். அது காளான் வகைக் கிருமியால் வருவது. குளிரில் விரல்கள் முதலில் வெளுத்து, பின் நீலமாகி, பின் சிவந்து, சிறிது நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது வேறு. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862-இல் விவரித்தது. குளிர்வீக்கமோ நாட்கணக்கில் நிற்கும். 2020-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கொரோனா பரவிய ஐரோப்பிய நாடுகளில், குளிர் இல்லாத நிலையிலும் இளைஞர் பலருக்கு இதே போன்ற கால்விரல் வீக்கம் கண்டது. 'கோவிட் விரல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அதற்கும் கிருமிக்கும் உள்ள தொடர்பு என்ன என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

கட்டாயம் பிரித்தறிய வேண்டியது பனிக்கடி. அதில் விரல் வெறுமனே குளிர்வதில்லை. திசுவில் உள்ள நீரே உறைந்துபோகிறது. உறைநிலைக்குக் கீழான குளிரில்தான் அது நேரும். விரல் மெழுகுபோல் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ, கட்டையாக விறைத்து, உணர்ச்சியற்றுக் கிடக்கும். அரிக்காது. பனிக்கடி பட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே உறைந்த விரலை 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் வைத்து விரைந்து உருக்குவார்கள். ஆம், விரைந்து! குளிர்வீக்கத்துக்கு எது ஆகாதோ அதுவே இங்கே சிகிச்சை. ஆனால் அங்கும் நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள், வெப்பமானி வைத்து அளந்து, நெருப்பை அன்று.

இந்தப் பாடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1812-இல் ருசியாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படையில், கைகால் விறைத்த வீரர்கள் இரவில் பாசறை நெருப்பில் உறுப்புகளைக் காட்டி, அவை அழுகிப்போனதைப் படைமருத்துவர் லாரே கண்டார். நெருப்பு கூடாது என்று சரியாகவே சொன்னார். ஆனால் அதற்கு மாற்றாகப் பனியால் தேய்க்கச் சொன்னார். நூறாண்டுகளுக்கு மேல் உலகம் அதைப் பின்பற்றியது. அது தவறென்று பின்னர் தெரிந்தது. நொந்த தோலைத் தேய்த்தால் மேலும் கிழியும். குளிர்வீக்கத்துக்கும் இது பொருந்தும். தேய்க்காதீர்கள், நீவாதீர்கள், அரித்தாலும் சொறியாதீர்கள்.

என்ன செய்யலாம்?

மிகக் கொஞ்சம்தான். குளிரில் மீண்டும் படாமல் பார்த்துக்கொண்டால், குளிர்வீக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே ஆறிவிடும். வெளியிலிருந்து வந்ததும் ஈர உடை, காலணி, காலுறை யாவற்றையும் கழற்றுங்கள். பாதத்தைத் துண்டால் ஒற்றித் துடையுங்கள், இடுக்கு விடாமல். தளர்வான, உலர்ந்த கம்பளிக் காலுறை ஒன்றை அணிந்து, அடுப்பிலிருந்தும் கணப்பிலிருந்தும் விலகி உட்காருங்கள். அறையின் சாதாரண வெப்பமும் உங்கள் இரத்தமும் மெதுவாக மீதியைப் பார்த்துக்கொள்ளும். கைவிரல்களானால் அக்குளில் வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பாதுகாப்பான கணப்பு வேறில்லை. அது ஒருபோதும் 37 டிகிரியைத் தாண்டிச் சுடாது. வெந்நீர்ப் பை, கொதிக்கும் நீர் வாளி, மின்கணப்பு மூன்றும் வேண்டாம்.

தோல் உலர்ந்து வெடிக்காமல் இருக்க மணமில்லாத எளிய களிம்பு ஏதேனும் பூசலாம். கொப்புளத்தைக் குத்தி உடைக்கக் கூடாது. தானே உடைந்துவிட்டால் சுத்தம் செய்து, கிருமிநாசினி இட்டு, தளர்வாகக் கட்டுப் போட வேண்டும். இங்கிலாந்தில் பாட்டிமார் வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பார்களாம். நம் வீடுகளில் எதற்கும் மிளகாய், சுண்ணாம்பு என்று கிளம்புகிறோமே, அதைப் போன்றதுதான், விட்டுவிடலாம். அடிக்கடி வந்து வாட்டுபவர்களுக்கு நிபெடிபின் என்ற மாத்திரையை மருத்துவர் கொடுப்பதுண்டு. உயர் இரத்த அழுத்தத்துக்கான அந்த மருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். சில ஆய்வுகளில் அது பயன் தந்தது. வேறு சிலவற்றில் தரவில்லை. தலைசுற்றலும் வரலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக்கூடிய பொருள் அன்று.

சீழ் வைத்தாலோ, வீக்கம் மேலே பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கொப்புளத்தையும் அலட்சியம் செய்யலாகாது. குளிர் போன பிறகும், கோடையிலும்கூட, இத்தகைய வீக்கம் வருமானால் 'லூபஸ்' போன்ற வேறு நோய் உள்ளே இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்க வேண்டும்.

வராமல் தடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கால் குளிர்கிறதென்றால் எல்லாரும் காலை மட்டுமே கவனிக்கிறோம். ஆனால் விரலின் குழாய்களை மூடச் சொல்லும் கட்டளை, உடல் முழுவதும் குளிர்கிறது என்ற செய்தியிலிருந்தும் பிறக்கிறது. மார்பும் கழுத்தும் தலையும் கதகதப்பாக இருந்தால், விரலுக்கு இரத்தம் தாராளமாக வரும். எனவே கால்விரலைக் காக்க, தலையில் குல்லாய் அணிவது பொருத்தமில்லாத யோசனை அன்று! விரல்களைத் தனித்தனியே மூடும் கையுறையைவிட, நான்கு விரல்களையும் ஒரே பையில் வைக்கும் கையுறை நல்லது. காரணத்தை மேலே சொன்ன உருளைக் கணக்கிலிருந்து நீங்களே கண்டுகொள்ளலாம். புகைப்பவர்களுக்கு நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் யாரேனும் இதைப் படிக்கலாம்.

சனவரியில் உதகைப் பள்ளத்தாக்குகளில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. சமவெளியிலிருந்து அங்கே போய் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். நாளை தில்லிக்கோ தேராதூனுக்கோ படிப்புக்கும் படைப்பணிக்கும் போகப்போகிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். மெலிந்தவர்களுக்கும் இளவயதினருக்கும் பெண்களுக்கும் குளிர்வீக்கம் சற்று அதிகமாகவே வருகிறது.

நம் மாணவர் சுண்டுவிரல் கொப்புளம் உடைந்து சீழ்பிடித்து, மூன்று வாரம் நொண்டினார். அதில் ஒன்பது நாள் விடுப்பு. மற்ற மூன்று விரல்களும் காங்ரியை நிறுத்திய பத்தாம் நாளே தணிந்துவிட்டன. பிப்ரவரிக் கடைசியில் அழைத்தபோது, பழைய தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து, உள்ளே புதுத் தோல் வந்திருப்பதாகச் சொன்னார். ஓர் அளவு பெரிய காலணி வாங்கிவிட்டாராம். அலுவலக மேசையில் மாற்றுக் காலுறை ஒரு சோடி எப்போதும் இருக்கிறதாம்.

"காங்ரியை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"இருக்கிறது சார். மூலையில் வைத்து, எட்டி ஒரு கொடி கட்டி, ஈரக் காலுறையைக் காயப்போடுகிறேன்" என்றார். மூடிய அறையில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும் என்பதை நினைவூட்டினேன். சன்னலை ஒரு சாண் திறந்துதான் வைத்திருப்பதாகச் சொன்னார்.